மெஷின் நிற்காத பெயர்கள்

ஆகஸ்ட் 8, 1988, திங்கள்

மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் இன்ஜினியர் ரயிலில் வந்து இறங்கினார். கையில் ஒரே ஒரு பிளாப்பி டிஸ்க். ஸ்பெல்லிங் புரோகிராமாம். நான் அடிக்கும் ஆங்கிலக் கடிதத்தில் பிழை இருந்தால் அதுவே கண்டுபிடித்துச் சொல்லுமாம். பதினாறு வருடமாக இந்த இறால் கம்பெனியில் டைப் செய்கிறேன். இந்தத் தங்கபுஷ்பம் அடித்த தாளில் பிழை என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. மேனேஜர் கனகசபாபதிக்கு யார் இந்த யோசனையைச் சொன்னார்களோ தெரியவில்லை.

வழக்கம்போல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மேனேஜரும் இன்ஜினியரும் நானும் கம்ப்யூட்டர் ரூமுக்குள் போனோம். ஏஸி ஓடும் ஒரே ரூம் இதுதான். மெஷினுக்கு இரண்டு வாய். இடது வாயில் கடிதம் எழுதும் டிஸ்க், வலது வாயில் கடிதங்களைச் சேர்த்து வைக்கும் டிஸ்க். இனி கடிதம் முடிந்ததும் இடது டிஸ்கை எடுத்துவிட்டு ஸ்பெல்லிங் டிஸ்கைப் போட வேண்டும். அது வரிவரியாகப் போகும். தெரியாத சொல் வந்தால் அதை வெளிச்சமாக்கி நின்றுகொள்ளும். ஒரு கீயைத் தட்டினால் திருத்தும், ஒன்றைத் தட்டினால் விட்டுவிடும், இன்னொன்றைத் தட்டினால் அந்தச் சொல்லைப் படித்து வைத்துக்கொள்ளும். படித்துவிட்டால் அப்புறம் அந்தச் சொல்லில் நிற்காது.

சோதனைக்கு ஒரு பழைய கடிதத்தைப் போட்டார். தூத்துக்குடியில் நின்றது. கனகசபாபதியில் நின்றது. என் பெயரில் நின்று, பதிலுக்கு வேறு எதையோ சிபாரிசு செய்தது. சிபாரிசை நான் ஏற்கவில்லை.

படித்ததெல்லாம் அந்த ஸ்பெல்லிங் டிஸ்கிலேயே இருக்குமாம். "இந்த டிஸ்க் போச்சுன்னா உங்க மெஷின் கத்துக்கிட்டது எல்லாமே போச்சு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தங்கச்சி செந்தூர்க்கனியின் கண் சிவந்திருந்தது. கட்டிங் ஹாலில் இறால் தலை கிள்ளுகிற வேலை அவளுக்கு. கான்ட்ராக்ட் ஆள். நான் சொல்லித்தான் எடுத்தார்கள். ஹாலுக்கு அடுத்த சுவர் கம்ப்ரஸர் ரூம். அங்கிருந்து அமோனியா வாடை வருகிறது என்கிறாள். ஐஸில் நின்று ஜலதோஷமாக இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

வாராந்திர லிஸ்ட். கான்ட்ராக்டர் வேலாயுதம் துண்டுச் சீட்டில் எழுதித் தரும் பெயர்களை கேட் பாஸுக்காக ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். அறுபத்து நாலு பேர். மெஷின் அறுபத்து நாலு தடவை நின்றது. பட்டுராணியைத் தெரியாது, சகாயமேரியைத் தெரியாது, வள்ளிமுத்துவைத் தெரியாது. எரிச்சலில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொடுத்தேன். செந்தூர்க்கனி கடைசி.

இரண்டாம் தடவை ஓட்டியபோது ஒரு மூச்சில் போய்விட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாரம் முடிந்ததும் லிஸ்டைக் கிழிக்க வேண்டும், டிஸ்கிலும் அழிக்க வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. கம்பெனி ரிஜிஸ்டரில் இந்தப் பெண்கள் யாரும் கிடையாது. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் நானும் இல்லை.

ஆகஸ்ட் 29, திங்கள்

கம்ப்ரஸர் ஆபரேட்டர் மிக்கேல் அண்ணாச்சி பென்சிலில் எழுதிய சீட்டோடு வந்தார். பெரிய வால்வில் அமோனியா கசிகிறது, மாற்ற வேண்டும் என்று நாலு வரி. மேனேஜர் வாங்கிப் படித்தார். ஹெட் ஆபீசுக்குக் கடிதம் சொன்னார். லேசான வாடை இருக்கிறது, கட்டுக்குள் இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை.

அடித்து ஸ்பெல்லிங் டிஸ்கைப் போட்டேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இந்த மாதத்திலேயே சுத்தமான கடிதம்.

செப்டம்பர் 14, புதன்

மிக்கேல் அண்ணாச்சியின் இரண்டாவது சீட்டு. இந்தத் தடவை என் மேஜைக்கே வந்து நின்றார். ஹெட் ஆபீசுக்குப் போன கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். படித்து, தமிழில் சொன்னேன்.

"நான் வாடைன்னு எழுதலியே தாயி. கசியுதுன்னுல்லா எழுதுனேன்."

சொன்னதை அடிப்பதுதான் என் வேலை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

செப்டம்பர் 15, வியாழன்

கனிக்கு இரண்டு நாளாக இருமல். வெற்றிலைச் சாற்றில் தேன் கலந்து கொடுத்தேன்.

செப்டம்பர் 30, வெள்ளி

கட்டிங் ஹாலின் பின்கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். யாரோ சேலைக்குள் இறாலைச் சுருட்டிக்கொண்டு போனார்களாம். சாவி மேனேஜர் மேஜை டிராயரில் இருக்கிறது. இனி போக வர முன்கதவு ஒன்றுதான்.

மிக்கேல் அண்ணாச்சியின் மூன்றாவது சீட்டு வந்தது. இதற்குக் கடிதம் சொல்லப்படவில்லை. சீட்டு குப்பைக்கூடையில் கிடந்தது. ஏனோ குனிந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 11, செவ்வாய்

குலசை அம்மன் கோயிலில் தசராக் கொடி ஏறிவிட்டது. கனி போய்க் கையில் காப்பு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கழுத்தில் மாலை, வாயில் விரதம். பத்தொன்பதாம் தேதி தெருக்காரர்கள் கூட்டமாகப் போகும் தசரா செட்டோடு கிளம்புகிறாளாம். எதற்கு? பம்பாய்க்குப் போய் மூன்று வருடமாக ஒரு கார்டு கூடப் போடாத புருஷன் சுடலைமுத்து திரும்பி வரவேண்டும் என்று.

அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்மா செத்துப்போனாள். தலை வாரி, சோறு பிசைந்து கொடுத்து, நகை போட்டுக் கட்டிக்கொடுத்தது நான். அவன் நகையோடு பம்பாய் போனான். அவனுக்காக இவள் வீடு வீடாகக் கையேந்தி, காணிக்கை சேர்த்து, சாமி முன்னால் ஆடப் போகிறாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். விரதக்காரி சண்டை போடக் கூடாதாம்.

அக்டோபர் 17, திங்கள்

ஜப்பான் கன்டெய்னர் வெள்ளிக்கிழமை கப்பல் ஏற வேண்டும். பத்தொன்பதாம் தேதி ஆயுத பூஜை, கம்பெனி லீவு. லீவு நாளில் ஆள் வைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் வெளியே வாழைமரம் கட்டி, கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வேலை நடக்கும் என்று மேனேஜர் சொன்னார். பன்னிரண்டு பெண்கள் வேண்டும். வேலாயுதம் பதினொரு பெயர்தான் கொடுத்தான். மற்றவர்கள் குலசைக்குப் போகிறார்களாம். எப்படியாவது இன்னொரு பெயரைச் சேர்த்து லிஸ்டை முடி என்றார்.

மத்தியானத்துக்குள் பன்னிரண்டும் ஆகிவிட்டது. ஸ்பெல்லிங் டிஸ்க் போட்டேன். ஒரு பெயரிலும் நிற்கவில்லை.

அக்டோபர் 18, செவ்வாய்

ஆபீஸ் பூஜை இன்றைக்கே முடிந்தது. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன், திரையில் படாமல். பொரிகடலை கொடுத்தார்கள்.

டைப் ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதலாவதாக வந்ததற்குப் பரிசாக வாங்கிய இங்கிலீஷ் அகராதியை வருடா வருடம் வீட்டுப் பூஜையில் வைப்பேன். இந்த வருடம் அது மட்டும் போதாது என்று தோன்றியது. ஸ்பெல்லிங் டிஸ்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். டிஸ்கை வெளியே எடுத்துப்போகக் கூடாதுதான். வியாழக்கிழமை காலை டிஸ்க் பெட்டியில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது.

சாயங்காலம் வேலாயுதம் வீட்டுக்கு வந்து கனியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். நாளைக்கு வராவிட்டால் அப்புறம் எப்போதுமே வர வேண்டாம் என்றானாம். உள்ளே வந்தவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். லிஸ்ட் அப்படி வந்துவிட்டது, நான் என்ன செய்ய முடியும் என்றேன். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் போனாலும் சாமி பார்க்கலாம் என்றும் சொன்னேன். சரிக்கா என்றாள்.

அக்டோபர் 19, புதன்

பூஜை முடிந்தது. கனி பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள்.

அக்டோபர் 20, வியாழன்

எழுத வேண்டும்.

நேற்றுப் பத்தரை மணிக்கு அகராதியையும் டிஸ்கையும் பட்டுத்துணியால் மூடி, சூடம் காட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் சைக்கிளில் போனவர்கள் கம்பெனிப் பக்கம் வாடை தாங்கவில்லை என்று கத்திக்கொண்டு போனார்கள். ஓடினேன். கேட்டில் இரண்டு பக்கமும் வாழைமரம், நடுவில் பூட்டு. பூட்டிய வாட்ச்மேன் தன் வீட்டுப் பூஜைக்குப் போயிருந்தான். உள்ளேயிருந்து கதவை அடிக்கிற சத்தம் கேட்டது. பின்கதவுப் பக்கமும் கேட்டது. மேஜை டிராயரில் இருக்கும் அந்தச் சாவி எனக்கு ஞாபகம் வந்தது, ஆனால் மேஜையும் பூட்டுக்கு உள்ளேதான் இருந்தது. உப்பளத்து ஆட்கள் கடப்பாரையோடு வந்து பக்கச் சுவரை இடித்தார்கள். அதற்குள் பின்கதவு அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

பட்டுராணி, சகாயமேரி, வள்ளிமுத்து மூவரும் பின்கதவுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தார்கள். மிக்கேல் அண்ணாச்சி வால்வைப் பிடித்தபடி உயிர்விட்டிருந்தார். கிறிஸ்தவ வேதக்காரருக்குப் பூஜை கிடையாதே என்று அவரை டூட்டியில் போட்டிருந்தார்கள். மற்ற ஒன்பது பெண்களும் ஆஸ்பத்திரியில். கனிக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. கையில் காப்பு அப்படியே இருக்கிறது.

இன்று காலை ஏழு மணிக்கு வார்டுக்கே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். கம்ப்யூட்டர் ரூமில் மேனேஜர் பூட்ஸ் காலோடு உட்கார்ந்திருந்தார். அந்த ரூமில் செருப்புத் தடம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்த டிஸ்க் ஒன்பதையும் அழிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் போட்டேன், ஒவ்வொன்றாக அழித்தேன். நான்தான் அழித்தேன். என் சுருக்கெழுத்து நோட்டு மேஜையில் இல்லை. அதை அவர்களே எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு வாக்குமூலம் சொன்னார், அடித்தேன். கம்பெனிக்கு லீவு. அந்தப் பெண்கள் கம்பெனி ஆட்களே இல்லை, பொரி வாங்க வந்தவர்கள், சொல்லாமல் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். ஆபரேட்டர் மிக்கேல் அஜாக்கிரதையாக வால்வைத் திறந்துவிட்டார்.

முடித்ததும் பெட்டியைப் பார்த்தார். பத்து டிஸ்க் இருக்க வேண்டிய பெட்டியில் ஒன்பது. ஸ்பெல்லிங் டிஸ்க் எங்கே என்று கேட்டார். கெட்டுப்போய்விட்டது, தூக்கி எறிந்துவிட்டேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் அரசாங்க விசாரணை அதிகாரி வந்து கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டிச் சீல் வைத்தார். வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். விஜயதசமியன்று பூஜையில் வைத்ததை எடுத்து ஒரு வரியாவது படிக்க வேண்டும். அகராதியை எடுத்தேன். அடியில் டிஸ்க் இருந்தது.

அக்டோபர் 22, சனி

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார். கனியின் கட்டிலோரம் நின்று மிகவும் வருத்தப்பட்டார். வலது கண் போய்விட்டது, இடது கண்ணை மதுரையில் உடனே காட்டினால் பார்க்க முடியலாம் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார். அது மேனேஜருக்கும் தெரிந்திருந்தது. என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"மெட்ராஸ் இன்ஜினியரிடம் போனில் பேசினேன், மிஸ் புஷ்பம். படித்த சொல்லெல்லாம் அந்த டிஸ்கில் இருக்குமாமே. தேடிப் பாருங்கள். கிடைத்தால் சொல்லுங்கள், மதுரைக்கு ஏஸி கார் வாசலில் நிற்கும்."

குரலை உயர்த்தவே இல்லை. தாமதிக்க வேண்டாம், கண் விஷயம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தால் கனி விழித்திருந்தாள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டிருக்கிறது. டிஸ்க் என்றால் என்ன என்று கேட்டாள். மெஷின் உங்கள் எல்லார் பெயரையும் படித்து வைத்திருக்கிற தகடு, அது நம் வீட்டில்தான் இருக்கிறது என்றேன். கொடுத்துவிடுகிறேன், இப்போதே கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். மனதார அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அவள் கண் வேண்டும்.

"பட்டுராணி பேரு அதுல கெடக்கா?" என்றாள்.

"கெடக்கு."

"அவ என் கையப் புடிச்சுக்கிட்டேதான்க்கா செத்தா. பொரி வாங்க வந்தவன்னா சொல்லுதாவ? குடுக்காத."

அக்டோபர் 23, ஞாயிறு

விசாரணை அதிகாரியின் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். பெயர் ஏகாம்பரம். டிஸ்க் விஷயத்தைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டு, அதுவரை வாய் திறக்காதே என்றார். கனியைப் பற்றியும் சொன்னேன். எழுந்து போய் யாருக்கோ போன் போட்டார். சாயங்காலமே பெரியாஸ்பத்திரி வேனில் மதுரைக்கு ஏற்றினார்கள். ஏஸி இல்லை. வழியெல்லாம் அவள் முகத்துக்கு விசிறிக்கொண்டே போனேன்.

அக்டோபர் 25, செவ்வாய்

காலை பஸ்ஸில் மதுரையிலிருந்து வந்தேன்.

பதினொரு மணிக்கு அதிகாரி தன் கையால் சீலை உடைத்தார். மேனேஜர், அவருடைய வக்கீல், வேலாயுதம், செத்தவர்களின் வீட்டு ஆட்கள், நான். வாசலில் செருப்பைக் கழற்றினேன். என்னைப் பார்த்து அதிகாரியும் கழற்றினார்.

மெஷினைப் போட்டேன். தேதி கேட்டது, கொடுத்தேன். கடிதம் எழுதும் டிஸ்கைப் போட்டு, பத்தொன்பதாம் தேதி உள்ளே இருந்த பன்னிரண்டு பெண்களின் பெயரையும் அடித்தேன். ஸ்பெல்லிங் டிஸ்கைப் பையிலிருந்து எடுத்தபோது மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தெரியாத பெயர் வந்தால் மெஷின் நிற்கும், படித்த பெயரென்றால் நிற்காது, இவ்வளவுதான் சங்கதி என்று அதிகாரிக்குச் சொல்லிவிட்டு ஓட்டினேன்.

பட்டுராணியில் நிற்கவில்லை. சகாயமேரியில் நிற்கவில்லை. வள்ளிமுத்துவில் நிற்கவில்லை. கடைசிவரை போய், பிழை எதுவும் இல்லை என்று காட்டியது.

என் பெயரை அடிம்மா என்றார் அதிகாரி. ஏகாம்பரம் என்று அடித்து ஓட்டினேன். நின்றது.

நேற்று ராத்திரி உட்கார்ந்து இந்த அம்மாவே பெயர்களைச் சேர்த்திருக்கலாமே என்றார் வக்கீல். மெஷின் வியாழக்கிழமையிலிருந்து என் சீலுக்குள் இருக்கிறது, இந்த ஊரில் இந்த அம்மா வேறு எந்த மெஷினில் சேர்ப்பார் என்று அதிகாரி கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொரி வாங்க வந்தவங்க பேரை எல்லாம் இந்த மெஷினுக்கு யாரும்மா படிச்சுக் குடுத்தது?"

நான் என்றேன். வாராவாரம் லிஸ்ட் அடித்ததையும், கிழித்ததையும், மிக்கேல் அண்ணாச்சியின் மூன்று சீட்டையும், கசிவை வாடை என்று அடித்ததையும், ஒன்பது டிஸ்கை அழித்ததையும் சொன்னேன். பத்தொன்பதாம் தேதி லிஸ்டைக் கொடுத்தது யார் என்றார். பதினொரு பெயர் கான்ட்ராக்டர் கொடுத்தது என்றேன். பன்னிரண்டாவது?

பன்னிரண்டாவது நான் போட்டது. செந்தூர்க்கனி. என் தங்கச்சி. அவள் குலசைக்குப் போகக் கூடாது என்று போட்டேன்.

இதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. எட்டு நாளாயிற்று. அதிகாரி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 26, புதன், மதுரை

இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது என்று டாக்டர் சொன்னார். ஆள் அடையாளம் தெரியுமா என்பதைக் கட்டு அவிழ்த்த பிறகுதான் சொல்ல முடியுமாம்.

நேற்று நடந்ததைக் கனியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மெஷின் நிற்காததைக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் பன்னிரண்டாவது பெயரைச் சொன்னேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், ஓங்கி ஒரு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியும்க்கா. வேலாயுதம் அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்பவே சொல்லிட்டான், உங்க அக்காதான் போட்டாவன்னு."

தெரிந்துமா போனாய், மாலை போட்டவள், காப்பு கட்டினவள், போக மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

கனி கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"நீ போட்ட பேருல்லாக்கா. எனக்கு நல்லதுக்குத்தான் போட்டிருப்பன்னு நெனச்சேன்."

நர்ஸ் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஆற்றி, ஒவ்வொரு கரண்டியாக அவளுக்குக் கொடுத்தேன்.